வாட்ச்மேனுக்கு ஏன் பேர் இல்லை?
போன அடைமழையில் படித்த சில நாவல்கள், சில அபிப்பிராயங்கள்

1

எங்கள் படிப்பகத்துக்கு வருகிற பிள்ளை ஒருத்தி போன ஐப்பசி மழையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பன்னிரண்டாவது படிக்கிறவள். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். தலையில் போட்ட ஈரத் துண்டைக்கூட எடுக்காமல் வாசல்படியில் நின்றுகொண்டு கேட்டாள்:

“அக்கா, நீங்க குடுக்கிற புஸ்தகத்துல நம்ம மாதிரி ஆளுக யாராச்சும் கடேசில உசுரோட இருக்காங்களா?”

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். நாவலின் தோற்றமும் வளர்ச்சியும் என்று கேட்டால் பத்துப் பக்கம் எழுதுவேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. “அடுத்த வாரம் வேற தாரேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ரேக்கில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் கடைசியில் யார் இருக்கிறார்கள், யார் செத்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இது என்ன விமர்சன முறை என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். உருவம், உத்தி, படிமம் என்று இருபது வருசம் பார்த்தாகிவிட்டது. ஒரு தடவை இப்படியும் பார்ப்போமே.

எங்கள் ஊர் பழனி மலையில் கீழ்மலைப் பக்கம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று சொன்னால் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காப்பிக்காடு, ஊடே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம், மலைவாழை. அம்மா முப்பது வருசத்துக்கு மேல் காப்பிப்பழம் பறித்தவள். படிப்பகம் என்பது ஒரு பழைய லைன் வீடு, ஒரு தகர ரேக், இரண்டு பாய். மழையில் ரோட்டில் மண் சரிந்தால் பஸ் வராது. பஸ் வராவிட்டால் எல்லாரும் படிப்பகத்துக்கு வருவார்கள். நாவல் படிக்க இதைவிடத் தோதான காலம் கிடையாது.

2

முதலில் மாத நாவல்கள். கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டுகிற என் அத்தை மகன், வந்து தங்கினவர்கள் விட்டுவிட்டுப் போகிற புத்தகங்களை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவான். துப்பறியும் கதை, பேய்க் கதை, குடும்பக் கதை எல்லாம் இருக்கும். நமது சிறுபத்திரிகைத் தோழர்கள் இவற்றைத் தொடமாட்டார்கள், தொட்டால் தீட்டு. நான் தொட்டேன், விரும்பிப் படித்தேன். ராஜேஷ்குமாரின் ஒரு நாவலை எடுத்தால் முடிக்காமல் வைக்க முடியாது. ரமணிசந்திரன் கதையை லைன் பெண்கள் ராத்திரி ஒருத்தி வாசிக்க நாலு பேர் கேட்கிறார்கள். இன்னொரு வீட்டின் சாப்பாட்டு மேசையை, திரைச்சீலையை, கோபித்துக்கொண்டு பிறகு மன்னிப்புக் கேட்கிற புருஷனை அவர்கள் கேட்டு ரசிப்பதை நான் கேலி செய்யமாட்டேன். மன்னிப்புக் கேட்கிற ஆம்பிளையை வேறு எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

ஆனால் கதை கொடைக்கானலுக்கு வந்துவிட்டால் ஒரு சங்கதி கவனிக்கலாம். தேனிலவுக்கு ஒரு ஜோடி வரும். பனி இருக்கும். தனியாக ஒரு பங்களா இருக்கும். கேட்டைத் திறந்துவிட ஒரு வாட்ச்மேன் வருவான். தலையில் மப்ளர், கையில் டார்ச், வாயில் பீடி. “அந்தப் பக்கம் போகாதீங்க சார்” என்பான். அவன்மேல் வாசகனுக்குச் சந்தேகம் வரும். பெரும்பாலும் முதலில் சாகிறவனும் அவன்தான். போலீஸ் வரும், டாக்டர் வருவார், எல்லாருக்கும் பேர் உண்டு. வாட்ச்மேனுக்கு மட்டும் பேர் கிடையாது.

அந்த மூட்டையில் ஒரு கட்டை எடுத்துவைத்துப் பார்த்தேன். வாட்ச்மேனுக்கு எந்த ஊர், வீடு எங்கே, சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று ஒன்றிலும் இல்லை. என் தாய்மாமன் கொடைக்கானலில் பங்களா வாட்ச்மேனாகப் பதினெட்டு வருசம் இருந்தவர். எந்த ரூமில் ஒழுகும், எந்த மரம் எப்போது விழும், பங்களா முதலாளி யாருக்குப் பயப்படுவார் என்று அவருக்கு அத்தனையும் தெரியும். துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? ஆனால் துப்பறிகிறவன் அவரிடம் ஒன்றும் கேட்கமாட்டான். சென்னையிலிருந்து வந்த வக்கீலிடம் கேட்பான்.

இது மாத நாவல்காரர்களின் குற்றம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இதற்கு ரெண்டாயிரம் வருசத்துப் பாடம் இருக்கிறது. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல் என்று எனக்கு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். மலை என்றால் காதல். சரி, அந்த மலையில் வேலை செய்கிறவர்கள்? அடியவர்களையும் வினைசெய்வோரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம் தள்ளிவைக்கிறது தொல்காப்பியம். உரைகாரர்கள் அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறார்கள்: பிறருக்குக் குற்றேவல் செய்கிறவர்களுக்கு அறம் பொருள் இன்பம் வழுவாமல் ஒழுகத் தோதுப்படாதாம். நான் வகுப்பில் எழுந்து, “ஐயா, எங்கம்மாவும் அப்பாவும் காப்பிக்காட்டுலதான் பிரியப்பட்டுக் கல்யாணம் முடிச்சாங்க, அது எந்தத் திணை?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். பதில் இன்னும் வரவில்லை.

பனி, பங்களா, தேனிலவு என்று மாத நாவலில் வருவது அதே குறிஞ்சிதான். கருப்பொருளில் யாழும் முருகனும் போய் ஓட்டலும் காரும் வந்திருக்கின்றன. வினைவலன் மப்ளர் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்கிறான்.

3

இரண்டாவது, சரித்திர நாவல். மணிரத்னம் படம் 2022இலும் 2023இலும் வந்த பிறகு எங்கள் பிள்ளைகளும் ‘பொன்னியின் செல்வன்’ கேட்டார்கள். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் தொடராக வந்த கதையை இன்றைக்கும் காப்பிக்காட்டில் ஒரு பிள்ளை விடாமல் படிக்கிறது என்றால் அந்த எழுத்தில் சத்து இருக்கிறது. அதை ஒத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் இல்லை. படகு விடுகிற பூங்குழலியை எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஐந்து பாகத்திலும் பட்டம் யாருக்கு என்பதுதான் கேள்வி. யார் யார் வீட்டில் தண்ணி குடிக்கலாம் என்ற கேள்வி யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை. சோழர் கல்வெட்டுகளிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லில் இருந்தது கதையில் இல்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது இரா. முத்துநாகுவின் ‘சுளுந்தீ’ (2018). இது எங்கள் மலையடிவாரத்துக் கதை. கன்னிவாடி ஜமீன், பன்றிமலைச் சித்தர், நாயக்கர் ஆட்சிக் காலம். அரண்மனை நாவிதனான பண்டுவனும் அவன் மகன் மாடனும்தான் கதை. சவரம் செய்கிறவனே மருத்துவன், மருந்து தெரிந்தவனே வெடிமருந்தும் தெரிந்தவன் என்று போகிறது. நாவிதன் மகன் போர்வீரனாக ஆசைப்படுகிறான். குலத்தொழிலைப் பார் என்கிறது அரண்மனை. குலநீக்கம் என்ற தண்டனையை இவ்வளவு விரிவாகச் சொன்ன வேறு நாவலை நான் படித்ததில்லை. ஒருவனைச் சாதியிலிருந்து தள்ளிவிட்டால் அவன் எங்கே போவான், யார் அவனோடு உண்பார்கள், அவன் நிலம் யாருக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டே போகிறார்.

குறையும் உண்டு. மருந்து, மூலிகை, சடங்கு, பழமொழி என்று சேர்த்துவைத்த தகவல் சில இடங்களில் கதையை மூடிவிடுகிறது. பெண்கள் வருகிறார்கள், போகிறார்கள், நிற்பதில்லை. ஆனால் என் அம்மா கேட்டது வேறு. கொஞ்சம் வாசித்துக் காட்டினேன். “பன்றிமலைய எழுதிருக்காகளா? நெசமாவா?” என்றாள். அவள் கிழங்குக்கும் விறகுக்கும் போன மலை ஒரு அச்சடித்த புத்தகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு நம்ப முடியவில்லை. சுளுந்து என்றால் என்ன என்று எனக்கு அகராதி தேவைப்பட்டது. அவளுக்குத் தேவைப்படவில்லை. அந்தக் குச்சியைத் தீவட்டியாகக் கொளுத்திக்கொண்டு ராத்திரியில் நடந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

4

மூன்றாவது, மலையில் வேலை செய்தவர்களைப் பற்றிய நாவல்கள். பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் 2007இல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். பாலாவின் ‘பரதேசி’ (2013) இதிலிருந்து எடுத்ததுதான். டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர், தொழிலாளர் சங்கம் கட்டியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆனைமலைக்கு ஏறுகிறார்கள். பிறகு கணக்கு முடிவதே இல்லை. மலேரியா, அட்டை, துரை, மேஸ்திரி, கடன். ஒரு டாக்டர் எழுதியதால் காய்ச்சலுக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பு இதில் தெளிவாக இருக்கிறது. உடம்பு எப்படி முதலாக மாறியது என்று படிக்க விரும்புகிறவர்கள் கனத்த தத்துவப் புத்தகங்களுக்கு முன்னால் இதைப் படிக்கலாம்.

நாலு ராத்திரி அம்மாவுக்கு வாசித்தேன். முன்பணக் கணக்கு வந்த இடத்தில், “ஆமா, இப்பிடித்தான், இப்பிடியேதான்” என்றாள். நாலாம் நாள் முடிவில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “எல்லாம் சரிதாண்டி. ஆனா நாங்க இம்புட்டு அழுதுக்கிட்டேவா கெடந்தோம்? ரைட்டருக்குப் பட்டப்பேரு வச்சது எங்க? பழம் பறிக்கையில பாடுனது எங்க? ஒம் பாட்டி கங்காணியக் கூடையால அடிச்சது எங்க?”

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. நமக்காக எழுதுகிறவர்கள் நம் வலியை எழுதுகிறார்கள், நம் கேலியை விட்டுவிடுகிறார்கள். வலி மட்டும் இருந்தால் நாம் இரக்கத்துக்குரிய ஆட்கள், அவ்வளவுதான். கேலி இருந்தால்தான் நமக்கும் எதிராளியைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு என்று தெரியும்.

இதே வரிசையில் கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யைத் தேடிப் படித்தேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கதை, 1964இல் வந்தது. அதே 1964இல்தான் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று கணக்குப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதி நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் படிப்பகத்தில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு. கண்டியில் தேயிலை பறித்த பாட்டி, இங்கே காப்பி பறித்த அம்மா, திருப்பூரில் பனியன் மடிக்கிற மகள். மூன்று தலைமுறையாகப் பறிக்கிற கை. ‘தூரத்துப் பச்சை’ கப்பல் ஏறினவர்களின் கதை. கப்பலில் திரும்பி வந்து, தாயகம் என்று சொல்லப்பட்ட இடத்தில் “சிலோன்காரங்க” என்று ஒதுக்கப்பட்டவர்களின் கதையைக் கொடைக்கானலில் வைத்து யாராவது எழுத வேண்டும்.

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) இன்னொரு வகை. மனித உரிமை வழக்கறிஞர் எழுதியது. சத்தியமங்கலம் மலையில், முதல் பாதியில் சோளகர்களின் காடு. இரண்டாம் பாதியில் வீரப்பனைத் தேடுகிறோம் என்று வந்த அதிரடிப்படையின் சித்திரவதை முகாம். முதல் பாதி இருப்பதால்தான் இரண்டாம் பாதி சுடுகிறது. எது போச்சு என்று தெரிந்த பிறகு போனதைச் சொல்கிறார். மாதியின் பகுதிகளை நான் படிப்பகத்தில் வாசிக்கவில்லை, வாசிக்க முடியவில்லை. ஆவணம் போல் இருக்கிறது, கலையாகவில்லை என்று சிலர் சொன்னார்கள். நீதிமன்றத்தில் ஏறாத வாக்குமூலம் வேறு எங்கேதான் ஏறும்?

5

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

‘பூக்குழி’ 2013இல் வந்தது. தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்ட நாவல். சோடாக் கடை வேலை செய்கிற குமரேசன், டவுன் பெண் சரோஜாவைக் கல்யாணம் முடித்து ஊருக்குக் கூட்டிவருகிறான். அவள் என்ன சாதி என்று நாவல் கடைசிவரை சொல்வதில்லை. ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட நாவல். வெயிலும் பாறையும் மாமியாரின் வாயும் நம்மைச் சுடுகின்றன. கடைசியில் அவள் ஒளிந்திருக்கிற புதருக்கு ஊர் தீ வைக்கிறது.

அதற்கு முந்தைய வருசம் இமையத்தின் ‘பெத்தவன்’ வெளிவந்தது. தருமபுரியில் நத்தம் காலனி எரிவதற்கு முன்பே எழுதப்பட்ட நெடுங்கதை. தலித் இளைஞனை விரும்பிய மகளைக் கொன்றுவிடு என்று ஊர் அப்பனிடம் சொல்கிறது. அப்பன் அவளை ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பிவிட்டுத் தான் மருந்து குடிக்கிறான். இங்கே மகள் தப்பிக்கிறாள். ஆனால் ஒரு உயிர் போனால்தான் இன்னொரு உயிர் பிழைக்கும் என்ற கணக்கு மாறவில்லை.

இவர்கள் பொய் எழுதவில்லை. ஊர் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ‘பூக்குழி’யை நான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தபோது ஒரு நல்ல நாவலைக் கொடுக்கிறோம் என்று மட்டும்தான் நினைத்தேன். அவளுக்கு அது நாவல் இல்லை, எச்சரிக்கை. ஊர்த்தெருவில் ஒரு பையனோடு அவளுக்குப் பேச்சு இருக்கிறது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் வீட்டில் சொல்வதைத்தான் நாவலும் சொல்லியிருக்கிறது: செத்துப்போவாய். ஆதிக்க சாதிக்காரன் அரிவாளைக் காட்டிச் சொல்வதை நாம் கண்ணீரோடு சொல்கிறோம். கேட்கிற பிள்ளைக்குச் சேதி ஒன்றாகவே போய்ச் சேர்கிறது. இதை எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும், கொடுக்கிற என்னைப் போன்றவர்களும் யோசிக்க வேண்டும்.

அடுத்த வாரம் அவளுக்கு இரண்டு விஷயம் கொடுத்தேன். ஒன்று பூமணியின் ‘வெக்கை’ (1982). ‘அசுரன்’ படத்துக்கு (2019) மூலம். அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயசுப் பையன் வெட்டிவிட்டு அப்பனோடு காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறான். படத்தில் இருக்கிற ஆர்ப்பாட்டம் நாவலில் இல்லை. சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். அப்பன் மகனைத் திட்டுவதில்லை, புகழ்வதும் இல்லை, கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறான். சாதிப் பேரை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்தல்தான். ஆனால் கடைசியில் இரண்டு பேரும் கோர்ட்டை நோக்கி நடக்கிறார்கள், உயிரோடு.

இரண்டாவது, நாவல் இல்லை. எங்கள் மலைக்குக் கீழே இருக்கிற பழனியின் பெண் கௌசல்யா. 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள், அவளையும் வெட்டினார்கள். அவள் பிழைத்தாள். கோர்ட்டுக்குப் போய்ப் பெற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னாள். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் அவளுடைய அப்பா உட்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் அப்பாவை விடுதலை செய்தது, மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பு எப்படிப் போனாலும் அவள் பறை அடிக்கக் கற்றுக்கொண்டாள், மேடையேறிப் பேசினாள். “கடேசில உசுரோட இருக்காங்களா” என்ற கேள்விக்கு எங்கள் மலையடிவாரத்திலேயே பதில் இருக்கிறது. நமது நாவல் அந்தப் பதிலுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வெட்டு விழுந்த இடத்தில் நாவல் முடிந்துவிடுகிறது. வாழ்க்கை அங்கே முடிவதில்லை. ஆஸ்பத்திரி, வாக்குமூலம், வாய்தா, வாடகை வீடு என்று நீண்டுகொண்டு போகிறது. அதை எழுதுங்கள்.

2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் தனிப் பிரிவும், இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் ஏற்படுத்தச் சொன்னது. அதையும் ஒரு தாளில் எழுதி ‘வெக்கை’க்குள் வைத்துக் கொடுத்தேன். “மொதல்ல படிப்ப முடி” என்றும் சொன்னேன். நாவலுக்குள் சட்டத் தாளை வைத்துக் கொடுப்பது இலக்கிய அழகியலில் சேருமா என்று தெரியாது. எங்கள் அழகியலில் சேரும்.

6

நம்மைப் பற்றியும் பேச வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது நம் அணியிலேயே பெரிய சண்டை. சேரிக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியம், வீடு வீடாக ராச்சோறு எடுக்கிறவள். அவளை ஒடுக்குகிறவர்கள் சேரிக்காரர்கள். இது தலித்துகளைப் பிரிக்கிற நாவல், எதிரிக்கு ஆயுதம் கொடுக்கிற நாவல் என்று சொன்னார்கள். கல்லூரியில் படிக்கும்போது நானும் அந்தக் கட்சியில் நின்று பேசியிருக்கிறேன்.

இந்த மழையில் மறுபடி படித்தேன். படித்த அதே வாரம் படிப்பகத்தில் ஒன்று நடந்தது. மேலே காட்டோரக் குடிசையிலிருந்து ஒரு பளியர் பிள்ளை புதிதாக வர ஆரம்பித்திருந்தாள். வாசலை ஒட்டி உட்காருவாள். கூச்சம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் டீ ஊற்றும்போது பார்த்தேன், அவளுக்கு மட்டும் வேறு டம்ளர். ஊற்றியது எங்கள் லைன் அக்கா ஒருத்தி. டீக்கடையில் தனி டம்ளருக்காக என்னோடு வந்து மறியலில் உட்கார்ந்தவள். “ஏங்க்கா இப்பிடி?” என்றேன். “அதுக வேற புள்ள” என்றாள்.

ஆரோக்கியத்துக்குச் சோறு போடுகிறவர்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் கொடியவர்கள் இல்லை. அதுதான் அந்த நாவலின் பலம். பழக்கத்தால் செய்கிறார்கள். அம்பேத்கர் சாதியைப் படிப்படியான சமத்துவமின்மை என்று சொன்னதை நாம் மேடையில் மேலே பார்த்தபடியே பேசுகிறோம். ஏணியில் கீழேயும் படி இருக்கிறது. எங்கள் மலையில் பளியர் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுவரும் மலைப்புலையர் இருக்கிறார்கள். அவர்களுடைய நாவல் வரும்போது அதில் நாம் எப்படி இருப்போம்? அதை எழுதுகிறவளைப் பார்த்து “ஒற்றுமையைக் கெடுக்காதே” என்று நாம் சொல்வோமா?

‘கோவேறு கழுதைகள்’ மீது எனக்கு இப்போதும் ஒரு குறை உண்டு. ஆரோக்கியத்தின் ஒப்பாரி நீண்டு நீண்டு, அவள் கோபப்பட்டிருக்க வேண்டிய இடத்தையும் மூடுகிறது. ஆனால் அன்று நான் பேசியது தப்பு. அதை இங்கே எழுதிவைக்கிறேன். டம்ளர்களை அன்றைக்கே மாற்றினோம், எல்லாம் ஒரே எவர்சில்வர். அந்த அக்கா ஒரு வாரம் வரவில்லை, பிறகு வந்தாள். பளியர் பிள்ளை இன்னும் வாசலை ஒட்டித்தான் உட்காருகிறாள். டம்ளரை ஒரு நாளில் மாற்றிவிடலாம்.

7

கடைசியாக எல்லாரையும் சிரிக்க வைத்த நாவல்: ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002). 2024இல் அவர் காலமானபோது பலரும் அவருடைய ஆய்வுகளைப் பற்றியே எழுதினார்கள். எனக்கு அவருடைய இந்த நாவல்தான் முதலில் ஞாபகம் வந்தது. புதுப்பட்டியில் பிறந்த ஒரு கிறிஸ்தவ தலித் பையன் அடி வாங்கி, படித்து, வேலை தேடி அலைந்து, மதம் மாறி வளர்கிற கதை. தன்னையே கேலி செய்துகொள்கிறான். சாமியாரையும் அப்பனையும் கட்சிக்காரனையும் விடுவதில்லை. அவர் தங்கை பாமா ‘கருக்கு’ (1992) எழுதியதும் அதே ஊரிலிருந்துதான். மலைகளுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பேர்களிலிருந்து ‘கருக்கு’ தொடங்குவது மலைக்காரியான எனக்குப் பிடித்த விஷயம். ஒரே வீட்டிலிருந்து ஒன்று அறுக்கிறது, ஒன்று கிச்சுக்கிச்சு மூட்டுகிறது. ரெண்டும் வேண்டும்.

‘சிலுவைராஜ்’ நீளம்தான். சில இடங்களில் நாட்குறிப்பு போலப் போகிறது. பெண்கள் பக்கம் அவர் கண் அவ்வளவாகப் போவதில்லை. ஆனாலும் என் அம்மா கேட்டாளே, கேலி எங்கே என்று, அது இதில் இருந்தது. வாசித்தபோது அவள் வெற்றிலைச் சாற்றைத் துப்ப மறந்து சிரித்தாள்.

இனி எங்கள் மலை நாவல் எப்போது வரும்? 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள், 1863இல் லெவிஞ்ச் துரை ஏரி உண்டாக்கினார் என்று எல்லாக் கையேடுகளிலும் இருக்கிறது. ரோடு வருவதற்கு முன்னால் அவர்களை நாற்காலியிலும் டோலியிலும் வைத்து அடிவாரத்திலிருந்து தூக்கி வந்த தோள்கள் யாருடையவை? பழைய நடைபாதையில் இருக்கிற வெள்ளகவிக்காரர்கள் ரோடு இல்லாமல் நோயாளிகளை டோலியில் தூக்கிக்கொண்டு நடந்தது பல காலம். துரையைத் தூக்கின டோலி கதையாகிவிட்டது. இந்த டோலி ஆகவில்லை. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் கம்பெனி 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தோடு வேலை செய்த 591 பேருக்கு 2016இல்தான் ஒப்பந்தம் ஆனது. பதினைந்து வருசப் போராட்டம். கண்ணாடி, வெள்ளிபோல் உருளும் விஷம், மூடின கதவு. துப்பறியும் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? யார் கொன்றது என்று தேட வேண்டியதே இல்லை. யாரையெல்லாம் என்றுதான் தேட வேண்டும். எழுதினால் தயவுசெய்து வாட்ச்மேனுக்கு ஒரு பேர் வையுங்கள்.

அந்தப் பிள்ளை ‘வெக்கை’யை நாலே நாளில் திருப்பிக் கொடுத்தாள். தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“எப்பிடி இருந்துச்சு?” என்றேன்.

“உசுரோட இருக்காங்க. ஆனா கோர்ட்டுல என்ன ஆச்சுன்னு சொல்லலையேக்கா.”

“அதத்தான் நீ எழுதணும்” என்றேன். பெரிதாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. ரேக்குக்கு முன்னால் குனிந்து அடுத்த புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறாள். அது தப்பு என்று நான் இப்போது சொல்வதில்லை.